பழைய ஜப்பானிய ஆர்.பி.ஜி.: அசல் கருவியா, மறுபதிப்பா, மறு உருவாக்கமா?

கடந்த ஓராண்டில் மூன்று நண்பர்கள் ஏறக்குறைய ஒரே கேள்வியை என்னிடம் கேட்டார்கள். ஒருவருக்கு ஃபைனல் ஃபேன்டஸி 6 ஆட வேண்டும், இன்னொருவருக்கு டிராகன் குவெஸ்ட் 3, மூன்றாமவருக்கு ஃபைனல் ஃபேன்டஸி 7. மூன்றும் பழைய ஜப்பானிய ஆர்.பி.ஜி.க்கள், அதாவது பாத்திரங்களை ஏற்று ஒரு நீண்ட கதையோடு ஆடும் ஆட்டங்கள். மூன்றுக்கும் இன்று ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் படம் வேறு, வேகம் வேறு, செலவு வேறு. எதை எடுப்பது என்று முடிவு செய்ய முடியாமல் மூவருமே பல வாரங்கள் எதையும் வாங்காமல் இருந்தார்கள்.

மூவருக்கும் நான் சொன்ன விடை ஒன்றல்ல. ஓர் ஆட்டம் எந்தக் கருவிக்காக வரையப்பட்டதோ, அந்தக் கருவிதான் இன்று எந்தப் பதிப்பு சிறந்தது என்பதையும் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. நின்டெண்டோவின் எண்பதுகளின் கருவியான ஃபேமிகாமின் ஆட்டத்துக்குப் பொருந்தும் விடை, அதற்கு அடுத்து வந்த சூப்பர் ஃபேமிகாமின் ஆட்டத்துக்குப் பொருந்தாது. சோனியின் பிளேஸ்டேஷன் ஆட்டத்துக்கோ இரண்டுமே பொருந்தாது. உரிமை பெறாத நகல்களை இங்கே கணக்கில் எடுக்கவில்லை. முறையாக வாங்கக் கூடியவற்றை மட்டுமே ஒப்பிடுகிறேன்.

## எவற்றை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் படம். ஓவியர் அன்று தம் எதிரே இருந்த தொலைக்காட்சியில் பார்த்த படத்துக்கு இந்தப் பதிப்பு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதே கேள்வி. 1990 நவம்பரில் ஜப்பானில் வெளிவந்த சூப்பர் ஃபேமிகாம், பொதுவாக 256 பிக்சல் அகலமும் 224 பிக்சல் உயரமும் கொண்ட படத்தைக் காட்டியது. அதன் வண்ணப் பெட்டியில் 32,768 நிறங்கள் இருந்தாலும், நகரும் ஓர் உருவத்துக்கு ஒரு சமயத்தில் 15 நிறங்களே கிடைத்தன. ஃபைனல் ஃபேன்டஸி 6-இன் பாத்திரங்கள் 16 பிக்சல் அகலம், 24 பிக்சல் உயரம். அந்தச் சிறு கட்டத்துக்குள் முகபாவம் தெரிய வேண்டுமானால் தலை உடலில் பாதி அளவுக்குப் பெரிதாக இருந்தே தீர வேண்டும். தலையைக் குனிவது, திடுக்கிட்டுக் கையை உயர்த்துவது, விரலை ஆட்டிக் கண்டிப்பது போன்ற சில நிலைகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முழு நாடகத்தையும் நடத்தினார்கள். ஆட்டத்தின் விளம்பரச் சித்திரங்களை வரைந்த யோஷிதாகா அமானோவின் மெல்லிய மைக்கோடுகளுக்கும், ஆட்டத்துக்குள் கசுகோ ஷிபுயாவும் அவருடைய சக ஓவியர்களும் பிக்சல் பிக்சலாகக் கட்டிய பொம்மைகளுக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளியை ஆடுபவரின் மனம் நிரப்பியது. பழைய ஆட்டங்களின் மீது நமக்குள்ள ஈர்ப்பில் பாதி இங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே ஒரு பதிப்பு அந்த இடைவெளியை விட்டுவைக்கிறதா, தானே நிரப்பிவிடுகிறதா என்று பார்ப்பதும் படத்தை அளப்பதன் பகுதிதான்.

இரண்டாவது, எழுத்து: படிக்கத் தெரிந்த மொழியில் கிடைக்கிறதா, எழுத்துரு கண்ணை உறுத்தாமல் இருக்கிறதா என்பது. மூன்றாவது, நேரம். நான்காவது, வாங்கிய பிறகு வரும் செலவு.

ஐந்தாவது அளவுகோலைப் பலர் யோசிப்பதில்லை: ஏக்கம் யாருடைய நினைவிலிருந்து வருகிறது? தொண்ணூறுகளில் நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் இருந்தவை ஃபேமிகாமைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல் கருவிகள். அவற்றில் மரியோவும் கான்ட்ராவும் ஓடின. பக்கம் பக்கமாக உரையாடல் கொண்ட ஜப்பானிய ஆர்.பி.ஜி.க்கள் அரிது. எனவே நம்மில் பலருக்கு ஆட்டம் புதிது, படம் மட்டுமே பழகியது. அந்தப் படத்தைத் தேடுகிறோமா, அப்போது கிடைக்காமல் போன கதையைத் தேடுகிறோமா என்பது முதலில் தெளிவாக வேண்டும்.

## அசல் கருவியும் சி.ஆர்.டி. தொலைக்காட்சியும்

சி.ஆர்.டி. என்பது கண்ணாடிக் குழாய் கொண்ட பழைய பெட்டித் தொலைக்காட்சி. தமிழ்நாட்டில் 2006-இலிருந்து அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகளில் ஒன்று என் சித்தி வீட்டுப் பரணில் கிடந்தது. அதை இறக்கித் துடைத்து, நண்பர் ஜப்பானிலிருந்து வரவழைத்த சூப்பர் ஃபேமிகாமை இணைத்தோம். முதலில் படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. நம் ஒளிபரப்பு பி.ஏ.எல். முறை, அந்தக் கருவியோ என்.டி.எஸ்.சி. முறை, மெனுவுக்குள் போய் நிற முறையை மாற்றிய பிறகே வண்ணம் வந்தது. அந்த மாற்றத்துக்கு இடம் கொடுக்காத தொலைக்காட்சிகளும் உண்டு.

வண்ணம் வந்த பின் நான் கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து ஃபைனல் ஃபேன்டஸி 6-இன் தொடக்கத்தைப் பார்த்தேன். பனிப் பொழிவில் மூன்று இயந்திரக் கவசங்கள் தொலைவில் மினுங்கும் ஊரை நோக்கி நடந்து போகும் காட்சி அது. ஒவ்வொரு கிடைக்கோடும் தனியாக ஒளிர்ந்தது. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே மெல்லிய இருட்டு. வெண்மையான பனித்துகள் தன் எல்லையைத் தாண்டிக் கசிந்து, பக்கத்தில் இருந்த நீலத்தைச் சற்று வெளுக்கச் செய்தது. நகரத்துக்குள் வந்ததும் பாத்திரத்தின் கன்னத்தைக் கவனித்தேன். இன்றைய தட்டைத் திரையில் அது இரண்டு மூன்று பழுப்புச் சதுரங்கள். இங்கே மஞ்சள் வயர் வழியாக வந்த நிறங்கள் பக்கவாட்டில் ஒன்றோடொன்று கலந்து, சதுரம் என்று சொல்ல எதுவும் இல்லாமல், ஒரு வளைவாகத் தெரிந்தன. நாம் பிக்சல் ஓவியம் என்று இன்று கொண்டாடும் அந்தக் கூர்மையான சதுரங்களை அன்று வீட்டில் ஆடியவர்கள் ஏறக்குறைய பார்த்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது.

படத்தின் வடிவமும் வேறு. அந்தக் கருவியின் பிக்சல் தொலைக்காட்சியில் சதுரமாக வராமல் சற்று அகன்று வந்தது. சில ஓவியர்கள் அதைக் கணக்கில் கொண்டு வரைந்தார்கள், சிலர் கொள்ளவில்லை. அதனால் ஓர் ஆட்டத்தில் வட்டமாக இருந்த நிலவு, புதிய திரையில் சதுரப் பிக்சலாகக் காட்டப்படும்போது ஒடுங்கிய முட்டையாகிவிடக்கூடும்.

மறைமுகச் செலவுகள் இங்கேதான் மிக அதிகம். ஜப்பானிய சூப்பர் ஃபேமிகாமின் மின் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருகிவிடும், எனவே மின்னழுத்தத்தைக் குறைக்கும் மாற்றி வேண்டும். விளையாட்டைச் சேமிக்கும் நினைவகத்துக்கு ஆட்ட அட்டைக்குள் (கார்ட்ரிட்ஜ்) ஒரு சிறிய பொத்தான் பேட்டரிதான் உயிர் கொடுக்கிறது. முப்பது ஆண்டு தாண்டிய பேட்டரி எந்த நாளும் ஓயலாம். ஓய்ந்தால் சேமித்ததெல்லாம் போய்விடும். அது பற்றவைக்கப்பட்டிருப்பதால் மாற்றுவதற்குச் சால்டரிங் தெரிந்தவர் வேண்டும். ஐரோப்பாவுக்கான பி.ஏ.எல். பதிப்பை வாங்கினால் நிறச் சிக்கல் தீரும், ஆனால் பல பி.ஏ.எல். ஆட்டங்கள் நொடிக்கு 50 முறை மட்டுமே படத்தைப் புதுப்பிப்பதால் இசையும் நடையும் மந்தமாகி, மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். எல்லாவற்றுக்கும் மேலாக ஜப்பானிய அட்டையில் ஜப்பானிய மொழிதான் இருக்கும்.

ஜப்பானிய மொழி படிக்கத் தெரிந்தவர்களுக்கும், ஒரு முறை ஆடி முடித்துவிட்டு அன்றைய படத்துக்காகவே திரும்பி வருபவர்களுக்கும் இது உகந்தது. சண்டை முறைவைத்து நடக்கும் ஆட்டங்களில் கை வேகம் பெரிதாகத் தேவைப்படாது. ஆகவே பழைய கருவியைப் புதிய தட்டைத் திரையில் இணைக்கும்போது ஏற்படும் தாமதம் ஆட்டத்தைக் கெடுக்காது. ஆனால் படத்தைக் கெடுக்கும், படத்துக்காகத்தானே இவ்வளவும் செய்கிறோம். தொலைக்காட்சி கிடைக்காவிட்டால் இந்த வழியே வேண்டாம் என்பேன்.

## பிக்சலைக் காத்த மறுபதிப்பு

ஃபைனல் ஃபேன்டஸியின் முதல் ஆறு ஆட்டங்களும் 2021, 2022 ஆண்டுகளில் கணினிக்கும் கைபேசிக்கும் பிக்சல் ரீமாஸ்டர் என்ற பெயரில் வந்தன. 2023 ஏப்ரலில் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கும் பிளேஸ்டேஷன் 4-க்கும் வந்தன. பிக்சல் ஓவியத்தை மேற்பார்வையிட்டவர் அதே கசுகோ ஷிபுயா.

இதன் அருமை, இதற்கு முன் வந்ததை நினைத்தால்தான் புரியும். 2014-இல் கைபேசிக்கு வந்த ஃபைனல் ஃபேன்டஸி 6-இல் பாத்திரங்களை வழவழப்பாக மறுபடி வரைந்திருந்தார்கள். தரைக் கட்டங்கள் பழைய வார்ப்பிலேயே இருக்க, அவற்றின் மேல் வேறொரு ஆட்டத்திலிருந்து வெட்டி ஒட்டியது போல் ஆட்கள் நடந்தார்கள். 2018-இல் கணினிக்கு வந்த க்ரோனோ டிரிகர் என்ற ஆட்டமும் இதே தவற்றைச் செய்தது. ஆடுபவர்கள் கடுமையாகக் குறை கூறவே, அதே ஆண்டில் பழைய படத்துக்கு மாறும் வசதியைப் புதுப்பிப்பாகத் தந்தார்கள். 24 பிக்சல் உயர உருவத்தின் ஓரங்களைக் கணினி வடிகட்டியால் மழுக்கும்போது, ஓவியர் தேர்ந்து வைத்த ஒற்றைப் பிக்சல் கண்ணும் சேர்ந்து மழுங்கிவிடுகிறது.

பிக்சல் ரீமாஸ்டரிலும் குறை இல்லாமல் இல்லை. முதலில் வந்தபோது ஆங்கில எழுத்துரு ஒல்லியாக நெருக்கியடித்து இருந்தது. 2023 பதிப்பில்தான் பிக்சல் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. அசல் இசைக்கும் புதிய இசையமைப்புக்கும் இடையே மாறும் வசதியும் அப்போது சேர்ந்தது. சி.ஆர்.டி. போன்ற கோடுகளைக் காட்டும் வடிகட்டியும் உண்டு. அந்த வடிகட்டி கண்ணாடிப் பெட்டிக்கு ஈடாகாது. கோடுகளைப் போடுகிறதே ஒழிய, பனித்துகள் நீலத்தில் கசிந்ததைத் தருவதில்லை. அகலத்திரைக்காகப் படம் இரு பக்கமும் விரிக்கப்பட்டதால், முன்பு திரையின் ஓரத்தில் மறைந்திருந்த இடங்கள் சில காட்சிகளில் முன்கூட்டியே தெரிகின்றன.

இதில் ஒளிந்திருக்கும் செலவு பணமாக வருவதில்லை. எதிரிகள் வராமல் நிறுத்தவும், அனுபவப் புள்ளிகளைப் பெருக்கவும் இதில் பொத்தான்கள் உண்டு. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வரம் போலத் தோன்றும். ஆனால் நடை, சண்டை, ஓய்வு என்ற தாளத்தின் மீதுதான் இந்த ஆட்டங்களின் ஊர்களும் இசையும் கட்டப்பட்டிருக்கின்றன. சண்டைகளை நிறுத்திவிட்டு ஓடினால் ஓர் ஊரை அடைவதில் நிம்மதியே இருக்காது. இன்னொன்று: கணினியிலும் கைபேசியிலும் வாங்குவது மின்பதிப்பு. முன்சொன்ன வழவழப்பான ஃபைனல் ஃபேன்டஸி 6-இன் கணினி வடிவம் 2021-இல் கடையிலிருந்து நீக்கப்பட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

முதல் முறை ஆடுபவர்களுக்கு, சூப்பர் ஃபேமிகாம் காலத்து ஆட்டம் என்றால், இதைவிடச் சிறந்த வழி இப்போது இல்லை.

## எச்டி-2டி

2018-இல் ஆக்டோபாத் டிராவலர் ஆட்டத்தோடு அறிமுகமான பாணி இது. ஆட்கள் பிக்சல் உருவங்களாகவே இருப்பார்கள். அவர்கள் நிற்கும் உலகம் முப்பரிமாணத்தில் கட்டப்பட்டு, விளக்கொளி, நீரின் பளபளப்பு, தொலைவிலும் அருகிலும் மங்கும் கேமராக் குவியம் எல்லாம் சேர்ந்து, மேசை மேல் வைத்த கொலுப்படி போலத் தோன்றும். டிராகன் குவெஸ்ட் 3 இந்தப் பாணியில் 2024 நவம்பரில் வந்தது.

1988 பிப்ரவரியில் ஃபேமிகாமுக்கு வந்த அசலை நினைத்துப் பாருங்கள். நகரும் உருவத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் மூன்றே நிறங்கள். சண்டையில் பின்னணியே கிடையாது. கறுப்புத் திரை மேல் அகிரா தோரியாமா வடிவமைத்த அரக்கர்கள் மட்டும் நிற்பார்கள். இந்த வரிசையின் முதல் ஆட்டம் 1986-இல் 64 கிலோபைட்டுக்குள் அடக்கப்பட்டபோது, வீரன் எந்தப் பக்கம் நடந்தாலும் நம்மைப் பார்த்தபடியே நண்டு போல நகர்ந்தான். பக்கவாட்டு உருவத்துக்கு இடம் இல்லை. அந்த நிலையில் படம் என்பது ஒரு குறிப்பு மட்டுமே. கோட்டை என்று எழுதி வைத்ததற்கும் கோட்டை வரைந்ததற்கும் இடையில் எங்கோ அது நின்றது. எனவே எச்டி-2டி எதையும் அழிக்கவில்லை. அன்று கருவியில் இடமில்லாததால் விட்டுப்போனதை வரைகிறது. தோரியாமாவின் அரக்கர்கள் அசைகிறார்கள், கோயிச்சி சுகியாமாவின் இசை வாத்தியக் குழுவின் ஒலியில் வருகிறது.

ஆனால் இதே பாணியை ஃபைனல் ஃபேன்டஸி 6 முழுவதற்கும் பூச வேண்டும் என்று சிலர் கேட்பதை நான் ஏற்கவில்லை. அந்த ஆட்டத்தின் ஓவியம் முடிந்துபோன ஓவியம். பிக்சல் ரீமாஸ்டரில் ஓபரா காட்சிக்கு மட்டும் ஏறக்குறைய இந்தப் பாணியில் முப்பரிமாண அரங்கமும் மனிதக் குரலில் பாட்டும் தந்திருக்கிறார்கள். காட்சி அழகாகத்தான் இருக்கிறது. எனினும் அசலில் சொற்கள் எழுத்தில் வர, குரல் போன்ற ஓர் ஒலி மட்டும் கேட்க, பாட்டை நாமே மனத்துக்குள் பாடிக்கொண்டதில் இருந்த நெருக்கம் அதில் இல்லை.

செலவு என்று பார்த்தால், வாங்கும் நாளில் புதிய ஆட்டத்தின் முழு விலை. அதோடு கண்ணுக்கு வரும் சோர்வு. மங்கலும் ஒளிக்கசிவும் சிலருக்கு ஒரு மணி நேரத்திலேயே உறுத்தும். மறுபுறம், அசல் நம் கைக்கு எட்டவே இல்லை என்றால் வாதத்துக்கே இடமில்லை: 1994-இல் வந்த லைவ் எ லைவ், 2022-இல் இந்தப் பாணியில் மறுபடி உருவாகும் வரை ஜப்பானுக்கு வெளியே முறையாக வெளிவரவே இல்லை.

## முழு முப்பரிமாண மறு உருவாக்கம்

இங்கே சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் இதைப் பழைய ஆட்டத்தின் பதிப்பு என்றே நான் கருதவில்லை. 2020-இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீமேக், 1997-இன் அசலில் சில மணி நேரத்தில் கடந்துபோகும் மிட்கார் நகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, முப்பது மணி நேரத்துக்கு மேல் நீளும் தனி ஆட்டமாக்கியது. இரண்டாம் பாகம் 2024-இல் வந்தது. கதை மூன்று பாகங்களாகத் திட்டமிடப்பட்டது. முழுவதும் வேண்டுமானால் மூன்றையும் வாங்க வேண்டும். கணினியில் முதல் பாகத்துக்கு மட்டும் சுமார் 100 ஜிபி இடம் தேவை. மாத டேட்டா வரம்புக்குள் இணையம் வைத்திருப்பவர்கள் இதை விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். அசலை அறிந்தவர்களின் நினைவோடு கதை வேண்டுமென்றே உறவாடுவதால், முதலில் இதை ஆடினால் பாதிப் பொருள் பிடிபடாது.

அசலை ஆடி நேசித்தவர்களுக்கு இது பெரிய விருந்து.

## ஒரே பார்வையில்

| வழி | படம் | எழுத்து | நேரம் | பின்னால் வரும் செலவு |
|---|---|---|---|---|
| அசல் கருவி, சி.ஆர்.டி. | ஓவியர் பார்த்த படம் | ஜப்பானிய அட்டை என்றால் ஜப்பானியம் | அசல் அளவு | மின்மாற்றி, பேட்டரி, தொலைக்காட்சி |
| பிக்சல் மறுபதிப்பு | மிக அருகில் | தெளிவு. பிக்சல் எழுத்துருவைத் தேர்க | அசலை விடக் குறைவு | தாளம் கெடும் வாய்ப்பு, மின்பதிப்பு நிலையாமை |
| எச்டி-2டி | புதிய ஓவியம், பழைய எலும்பு | தெளிவு | சற்று அதிகம் | முழு விலை, கண் சோர்வு |
| முப்பரிமாண மறு உருவாக்கம் | வேறொரு படைப்பு | குரலும் எழுத்தும் | பல மடங்கு | பல பாகங்கள், சேமிப்பிடம் |

## எந்தக் கருவியின் ஆட்டம் என்று பாருங்கள்

ஃபேமிகாம் ஆட்டம் என்றால் எச்டி-2டி. டிராகன் குவெஸ்ட் கேட்ட நண்பருக்கு அதையே சொன்னேன். சூப்பர் ஃபேமிகாம் ஆட்டம் என்றால் பிக்சலைக் காத்த மறுபதிப்பு. ஃபைனல் ஃபேன்டஸி 6 கேட்டவரை அசல் இசை, பிக்சல் எழுத்துரு இரண்டையும் தேர்ந்துவிட்டு, சண்டையை நிறுத்தும் பொத்தானை முதல் இருபது மணி நேரம் தொடாமல் ஆடச் சொன்னேன்.

பிளேஸ்டேஷன் ஆட்டம்தான் கடினம். ஃபைனல் ஃபேன்டஸி 7-இல் பின்னணிகள் முன்பே கணினியில் வார்த்து எடுத்த தட்டையான படங்கள். அவற்றின் மேல் முப்பரிமாணப் பாத்திரங்கள் நடக்கின்றன. இரண்டும் ஒரே குறைந்த தெளிவில் இருந்ததால்தான் ஒன்றாகத் தெரிந்தன. புதிய மறுபதிப்புகளில் பாத்திரங்களின் ஓரங்கள் கத்தி போலக் கூர்மையாகிவிட, பின்னணி மட்டும் பழைய தெளிவிலேயே மங்கிக் கிடக்கிறது. 2019-இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 8 ரீமாஸ்டரில், புதிதாகச் செய்த முகங்களுக்குப் பின்னால் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. பாதி புதிது, பாதி பழையது என்ற இந்த நடுவழியில்தான் பட இழப்பு அதிகம். சுயிகோடென் போன்ற அந்தக் காலத்துப் பிக்சல் ஆட்டங்கள் மட்டும் இதற்கு விலக்கு.

ஆகவே மூன்றாமவரிடம், ஒன்று அசல் வட்டைச் சிறிய சி.ஆர்.டி.யில் ஆடுங்கள், கிடைக்காவிட்டால் மறுபதிப்பை முழுத்திரையில் விரிக்காமல் சிறிய சாளரத்தில் ஆடுங்கள், அதற்குப் பிறகே ரீமேக் என்றேன். சித்தி வீட்டுப் பெட்டியும் என் பழைய பிளேஸ்டேஷனும் இப்போது அவரிடம் இருக்கின்றன. விரல் இல்லாத கட்டைக் கைகளோடு கதாநாயகன் கிளவுட் தோளைக் குலுக்குவதைப் பார்த்து முதல் நாள் தயங்கியவர், நேற்று இரண்டாவது வட்டைப் போட்டிருக்கிறார். ரீமேக்கை இன்னும் வாங்கவில்லை.